உணர்வுநலம் பேணல் (சிங்கப்பூர்)

அன்றாடக் கவலை, சினம், தனிமை ஆகியவை முற்றுமுன் அவற்றை இனங்கண்டு, பேச்சாலும் ஓய்வாலும் உறவாலும் தணிக்கும் நடைமுறை; மனநோய்ச் சிகிச்சையிலிருந்து வேறுபட்டது. சிங்கப்பூரில் சிகிச்சையே முந்தியது: 1928இல் தொடங்கிய மனநோய் மருத்துவமனை 1951இல் ‘உட்பிரிட்ஜ்’ எனப் பெயர்பெற்று, 1993இல் புவாங்கோக் வளாகத்துக்கு மாறி மனநலக் கழகமாயிற்று. ‘உட்பிரிட்ஜ்’ என்ற பெயரைச் சுற்றிய கூச்சம், உதவி நாடுவதை நெடுங்காலம் தடுத்தது. மருத்துவமனைக்கு வெளியே, 1969இல் தோன்றிய எஸ்ஓஎஸ் அமைப்பு மன உளைச்சலில் இருப்போருக்குத் தொலைபேசிவழிச் செவிசாய்த்தது. அதன் 24 மணிநேர எண் 1767. சட்டத்திலும், தற்கொலை முயற்சி குற்றமாகக் கருதப்பட்ட நிலை 2020 ஜனவரி 1 முதல் நீங்கியது. 2023 அக்டோபரில் தேசிய மனநல, நல்வாழ்வு உத்தி வெளியானது; 2025இல் 1771 எண்ணில் தேசிய உதவிச் சேவை தொடங்கியது. லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி சாலையில் இயங்கும் சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் (தொடக்கம் 1991) இந்தியக் குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்குகிறது.