கூலிக் கணக்கும் மனச்சாட்சியும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்கு அந்தப் பெயர் வந்தது, 1885-இல் அங்கே நில அளவைக்குச் சென்ற வில்லியம் கேமரனால். 1929-இல் ஜே. ஏ. ரசல் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தத் தோட்டத்தை வளர்த்ததிலும் கொழுந்து பறித்ததிலும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரும்பங்கு.

அந்தக் கால மலாயாவில் தோட்டத் தொழிலாளிக்கு எவ்வளவு கூலி? அரிசி, மளிகை, துணிமணி என்று பட்டியல் போட்டுக் கணக்கிட்டார்கள். 1920-களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அதாவது ஐந்தில் நான்கு பங்கு. கூட்டலில் பிழை இல்லை. அப்படியானால் எங்கே உறுத்துகிறது?

பகுத்தறிவு எஜமானனா, ஏவலாளா?

இதற்கு விடை தேட உதவுகிறவர், ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம். அனுபவமே அறிவின் ஊற்று என்ற அனுபவவாதிகளில் முக்கியமானவர். 1739-40-இல் வெளியான 'மனித இயல்பு பற்றிய ஆய்வு' நூலில் அவர் துணிச்சலான ஒரு கருத்தை வைத்தார். அறிவு தானாக யாரையும் எதையும் செய்யத் தூண்டாது. ஆசை, அச்சம், இரக்கம் போன்ற உணர்ச்சிகளே தூண்டுகின்றன. அறிவு அவற்றின் ஏவலாள். வழியை மட்டும் காட்டும்.

அரிசி என்ன விலை என்று அறிவு சொல்லும். 40 காசு நியாயமா என்பதைக் கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 'இப்படி இருக்கிறது' என்பதிலிருந்து 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்பதற்கு நாம் சத்தமில்லாமல் தாவிவிடுகிறோம் என்று ஹியூம் எச்சரித்தார். லாப ஆசை ஏவினால் அறிவு ஒரு பட்டியல் எழுதும். பசி ஏவினால் வேறொரு பட்டியல் எழுதும்.

அப்படியானால் ஒழுக்கம் என்பது அவரவர் விருப்பமா? இல்லை என்கிறார் ஹியூம். பிறர் துன்பம் நம் நெஞ்சிலும் எதிரொலிக்கிறது. ஆனால் அது பக்கத்து வீட்டுக்காரருக்கு அதிகம், தூரத்தில் இருப்பவருக்குக் குறைவு. ஆகவே சொந்த நலனை ஒதுக்கிவைத்து, பொதுவான பார்வையில் நின்று அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். இதைச் சொன்ன ஹியூமே கறுப்பின மக்களைத் தாழ்த்தி ஓர் அடிக்குறிப்பு எழுதினார். இரக்கத்தின் எல்லை அவரிடமும் சுருங்கித்தான் இருந்தது.

தூரம் குறைந்தபோது

மலாயாத் தோட்டங்களின் துன்பம் தமிழகத்துக்கு வெகுதூரம். அந்தத் தூரத்தைக் குறைத்தவர்களில் ஒருவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. இந்திய அரசின் சார்பில் 1936-இல் மலாயா சென்று பார்த்து அறிக்கை தந்தார். பொருளாதாரச் சரிவில் வெட்டப்பட்ட கூலியைப் பழைய அளவுக்கு உயர்த்தச் சொன்னார். ஆனால் அந்தப் பழைய அளவிலேயே ஆண், பெண் வித்தியாசம் இருந்தது!

1938-இல் கூலி மீண்டும் குறைக்கப்பட்டது. இந்திய அரசு, உதவிப்பணத்தில் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. கொதித்தது உணர்ச்சி, அது வெறும் கொதிப்பாக அடங்கிவிடாமல் முடிவாக மாற, அறிக்கையின் எண்கள் உதவின.

2013-இல் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கு இல்லை. இன்று கேமரன் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் வங்கதேசத்தவரும் நேபாளிகளும் உண்டு. தூர தேசத்திலிருந்து வந்த தமிழனுக்காக அன்று கேட்ட கேள்வியை, இவர்களுக்காகவும் கேட்கிறோமா என்பதில்தான் நம் மனச்சாட்சியின் அளவு தெரியும்.