ஏழைச் சிறுமியரும் சேமிப்புப் பாங்கியும்

சிக்கனத்தைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் பேசுவோர் பெரும்பாலும் ஆண்மக்களை நோக்கியே பேசுகின்றனர். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் காசு சேர்ப்போர் பெண்மக்களே என்பது யாவரும் அறிந்ததுதான். அக்காசு எவர்க்கு உரியது என்னும் வினாவை மட்டும் நாம் எழுப்புவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டில் அவ்வினா எழுந்த வரலாறு நம் குடும்பத்தார் அறியத்தக்கது.

அந்நாட்டு ஏழைக் குடிகளின் பெண்மக்கள் அக்காலத்தில் 12, 13 வயதிலேயே பிறர் வீடுகளில் பணிப்பெண்களாய் அமர்ந்தனர். உணவும் உறைவிடமும் எஜமானர் வீட்டில், கூலியோ சொற்பம். 1798-ஆம் ஆண்டில் லண்டனுக்கு அருகிலுள்ள டாட்டன்ஹாமில் பிரிசில்லா வேக்பீல்டு என்னும் அம்மையார், பெண்களுக்கும் சிறார்க்குமென ஓர் உதவிச் சங்கம் நிறுவினார். சிறார் கொணரும் பென்னிக் காசுகளும் அங்கு ஏற்கப்பட்டன. பின்னர்ப் பல ஊர்களில் தர்மகர்த்தர்களின் பொறுப்பில் சேமிப்புப் பாங்கிகள் தோன்றின. அவற்றுட் பல வாரத்தில் சில மணி நேரமே திறந்திருந்தன. பணமோ கணக்கரின் நாணயத்தை நம்பியிருந்தது. 1849-இல் ராச்டேல் நகரத்துப் பாங்கியின் கணக்கர் இறந்தபின் ஆராய்ந்தபோது 70,000 பவுனுக்கு மேல் காணப்படவில்லை. அத்தொகையில் எத்தனை ஏழைகளின் பென்னிகள் கலந்திருந்தனவோ!

ஹட்டர்ஸ்பீல்டு நகரத்தில் பாங்கி உத்தியோகம் பார்த்த சார்லஸ் சைக்ஸ் என்பவர், தபால் ஆபீஸ்களையே சேமிப்புப் பாங்கிகளாக்கலாம் என்று 1859-இல் நிதிமந்திரி கிளாட்ஸ்டனுக்கு எழுதினார். அது 1861-இல் சட்டமாகி, அவ்வாண்டு செப்டம்பர் 16-ந் தேதி 301 ஆபீஸ்களில் பாங்கி திறக்கப்பட்டது. ஒரு ஷில்லிங் முதல் செலுத்தலாம். வட்டி நூற்றுக்கு இரண்டரை. அதாவது ஒரு பவுனுக்கு மாதம் அரைப் பென்னி. முழுத் தொகைக்கும் அரசாங்கமே ஜாமீன். ஒரூரிற் செலுத்தியதை வேறூரிற் பெறலாமாதலின், கிராமத்தை விட்டுப் பட்டணத்தில் வேலைக்குச் சென்ற பெண்ணுக்கு இது பெருந்துணையாயிற்று.

இவையெல்லாவற்றினும் மேலாக நான் கருதுவன இரண்டு. கணக்குடையவரின் பெயரையும் தொகையையும் உத்தியோகஸ்தர் வெளியிடலாகாது என்பது ஒன்று. தன் பணிப்பெண் பணம் சேர்க்கின்றாள் என்றறிந்தால் எஜமானிக்குக் கூலியை உயர்த்த மனம் வருமோ? ஏழு வயது நிரம்பிய சிறுமி தன் பெயரிலேயே பணம் செலுத்தித் தானே திரும்பப் பெறலாம் என்பது மற்றொன்று.

ஆயினும் இதிலொரு விந்தையைக் காண்மின்! ஏழு வயதிற் பெற்ற அவ்வுரிமையை அவள் மணநாளன்று இழந்தாள். மனைவியின் பொருள் கணவனுக்கே உரியது என்பது அந்நாட்டுப் பழஞ்சட்டம். கணவன் தடை கூறாதவரையில்தான் பாங்கி அவள் கையிற் பணம் கொடுக்கும். பல்லாண்டு தரை துடைத்துச் சேர்த்ததை ஒரு கடிதத்தால் அவன் பெறலாம். 1870-ஆம் ஆண்டுச் சட்டமே மனைவியின் கூலியையும் சேமிப்புப் பாங்கியில் அவள் இட்ட தொகையையும் அவளுக்கே உரியனவாக்க வழி செய்தது. 1882-ஆம் ஆண்டுச் சட்டம் ஏனைய உடைமைகளுக்கும் அதனை விரித்தது.

இடையில், 1880-இல், போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாயிருந்த ஹென்றி பாசெட், ஷில்லிங் சேருமட்டும் காத்திருக்க இயலாத ஏழைகளுக்காகப் பன்னிரண்டு பென்னித் தபால்தலைகளை ஒட்டும் சீட்டினை வழங்கினார். இவர் கண்பார்வை இழந்தவர். இவருடைய மனைவியார் மில்லிசெண்ட் அம்மையாரின் பணப்பையை ஒருமுறை ஒருவன் திருடினான். அப்பையும் அதிலிருந்த பணமும் ‘ஹென்றி பாசெட்டின் உடைமை’ என்றே குற்றப் பத்திரிகையில் எழுதப்பட்டிருந்தது. அதனைக் கண்டு, தாமே திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டாற்போல் அம்மையார் உணர்ந்தாராம். ஏழையரின் பென்னியைக் காத்தவர் இல்லத்திலும் நிலை இதுவே.

அதே 1882-இல், ஏப்ரல் முதல் தேதியன்று, இந்தியத் தபால் ஆபீஸ் சேமிப்புப் பாங்கி தொடங்கிற்று. 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பத்து வயதுக்குட்பட்ட பெண்ணின் பெயரில் தொடங்கலாம். 18 வயது நிரம்பும்வரை அதனைப் பாதுகாவலரே நடத்துவர். சாதாரணத் தபால் சேமிப்புக் கணக்கையோ பத்து வயது நிரம்பிய சிறுமி தானே கையெழுத்திட்டு நடத்தலாம். எம் உறவினருள் மூன்று இல்லங்களில் விசாரித்தேன். அவ்விதியை ஒருவரும் அறிந்திலர். ஓரில்லத்தில் பதினான்கு வயதுப் பெண்ணிடம் அவளுடைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன். அஃது அப்பாவின் பீரோவில் இருப்பதாகவும், தான் அதனைப் பார்த்ததில்லையென்றும் கூறினாள்.