பட்டை வளையமும் பழமரத்தின் சர்க்கரையும்

காய்க்க மறுக்கும் பழமரக் கிளையில், விரற்கடைக்கும் குறைந்த அகலத்தில் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் அக்கிளை மறு வருஷம் பூத்துக் காய்க்கும் என்பதை ஐரோப்பியத் தோட்டக்காரர்கள், காரணம் விளங்குவதற்கு வெகுகாலம் முன்பே அநுபவத்தில் அறிந்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர் அதை மந்திர வளையம் என்றே அழைத்துப் புத்தகம் எழுதினார்.

உரித்த இடத்துக்கு மேலே பட்டை தடிப்பதைக் கவனித்து, இலையிற் பக்குவமான ஆகாரம் பட்டை வழியே கீழிறங்குகிறது என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்தவர் இத்தாலிய வைத்தியரான மால்பீகி. ஆனால் இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை அதிகம் கவர்வது, இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரின் குருவாயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1727இல் வெளியிட்ட நூலில் விவரிக்கும் பேரி மரப் பரிசோதனைதான். இளங்கிளையொன்றில் இடைவிட்டு இடைவிட்டுப் பட்டையை நீக்கி, நடுநடுவே பட்டைத் துண்டுகளை மாத்திரம் வளையல்கள் போல அவர் விட்டுவைத்தார். இலைமொட்டு இருந்த துண்டுகளெல்லாம் தம் கீழ்விளிம்பில் புடைத்து வளர, மொட்டில்லாத ஒரே துண்டு சிறிதும் பருக்காமல் அப்படியே நின்றது. இலையே அன்னதாதா என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? ஆயினும், மரத்தில் சாறு மேலும் கீழுமாய்ச் சுழல்கிறது என்ற கொள்கையை மறுப்பதில் அவர் உறுதியாயிருந்தமையால், தம் கண்ணெதிரே திறந்த கதவினுள் நுழையாமலே நின்றுவிட்டார் என்பது வருந்தத்தக்கது.

பட்டையில் ஆகாரம் இறங்கும் பாதையாகிய சல்லடைக் குழாய்களை 1837இல் தாவரவியலார் ஹார்டிக் கண்டறிந்தார். அதில் சர்க்கரையைச் செலுத்தும் சக்தி எதுவென்பதற்கு 1930இல் மியுன்க் என்னும் மற்றோர் ஆய்வாளர் விடை கூறினார். இலையில் சர்க்கரை செறியவே குழாய்க்குள் நீர் புகுந்து அழுத்தம் மிகுகிறது; வேர், துளிர், காய் என்று சர்க்கரை செலவாகும் இடங்களில் அழுத்தம் தணிந்திருப்பதால் சாறு அவற்றை நோக்கி ஓடுகிறது. துளிரிலையும் பாதி வளரும்வரை கொடுப்பதில்லை, வாங்கிக்கொள்ளவே செய்கிறது. ஆப்பிள் ஒன்று நன்கு பருக்க ஏறத்தாழ 30 முதல் 40 இலைகளின் உழைப்பு வேண்டியிருப்பதால்தான், பிஞ்சுகள் மிகுந்த மரத்தில் சிலவற்றைக் களைகிறார்கள்.

பட்டை வளையம் செய்வது இந்த ஓட்டத்தை வேருக்குப் போகாமல் தடுத்து, மேலுள்ள மொட்டுக்கும் காய்க்கும் திருப்புவதேயாகும். மரத்தின் உட்கட்டை வெட்டுப்படாமையால் வேரிலிருந்து நீர் தடையின்றி ஏறுகிறது. ஒடுங்கிய வெட்டாயின் சில வாரங்களில் பட்டை கூடி, வேருக்கு மறுபடியும் ஆகாரம் கிட்டும். அடிமரத்தில் அகலமாக உரித்துவிட்டாலோ, சேமித்த மாவுச்சத்துத் தீர்ந்ததும் முதலில் வேரும் பின்பு மரமும் பட்டுப்போகும்.