'கொடை ரோடு' கொடைக்குப் பக்கமா? இங்கிலீஷ்ல தூரம் சொல்லத் தெரிஞ்சுக்கோங்க!

ரயில்ல முதல்முறையா கொடைக்கானல் கிளம்புறவங்களை ஏமாத்துற ஸ்டேஷன் ஒண்ணு நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல இருக்கு. பேரு கொடைக்கானல் ரோடு. இறங்கினதும் ஏரிதான்னு நினைச்சா, அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் ரோட்டுல மலை ஏறணும். வெளியூர் ஃப்ரெண்டுக்கு நீங்க 'இட்ஸ் நியர் கொடைக்கானல்'னு மெசேஜ் தட்டிவிட்டா, பாவம், அவர் போட்ட பிளானே காலி.

சரி, அப்போ எப்படிச் சொல்றது? 'எயிட்டி கிலோமீட்டர்ஸ் ஃபார்'னுதான் நம்ம வாயில வரும். அது தப்பு. எண்ணைச் சொல்லிட்டா 'ஃபார்' வராது, 'அவே'தான் வரும்: 'இட்ஸ் எயிட்டி கிலோமீட்டர்ஸ் அவே'. 'ஃபார்' பெரும்பாலும் கேள்வியிலயும் மறுப்புலயும்தான் இயல்பா இருக்கும். 'இஸ் இட் ஃபார்?', 'நோ, இட்ஸ் நாட் ஃபார்'. நிஜமாவே தூரம்னா 'எ லாங் வே'. அந்த 'வே'யை விட்டுட்டு 'மை ஹவுஸ் இஸ் வெரி லாங்'னு இன்டர்வியூல சொன்னீங்கன்னா, உங்க வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம்னு அர்த்தமாகிடும்!

'நெக்ஸ்ட்', 'நியரஸ்ட்' ரெண்டையும் குழப்பிக்காதீங்க. முதலாவது வரிசை, இரண்டாவது தூரம். திண்டுக்கல்ல இருந்து மதுரை பாசஞ்சர்ல போனா நெக்ஸ்ட் ஸ்டேஷன் அம்பாத்துரை. பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு தேடுறது நியரஸ்ட் ஏ.டி.எம்.

இந்த வரிசையில எனக்குப் பிடிச்ச வார்த்தை 'ரிமோட்'. டி.வி ரிமோட் இல்லைங்க. கொடைக்கானல் பக்கம் வெள்ளகவின்னு ஒரு கிராமம். வட்டக்கானல்ல இருந்து டால்ஃபின் நோஸ் தாண்டி இறங்கினா வந்துடும். மேப்புல பார்த்தா பக்கம். ஆனா, தலைமுறை தலைமுறையா ரோடு இல்லாம நடந்தே வந்துபோன ஊர். உடம்பு முடியாதவங்களை டோலி கட்டித் தூக்கிட்டு வந்திருக்காங்க. அதைத்தான் 'ரிமோட் வில்லேஜ்'னு சொல்லணும். கிலோமீட்டர் குறைவா இருந்தாலும் போய்ச்சேர கஷ்டம்னா 'ரிமோட்'. நல்ல பஸ் வசதி இருக்குற ஊரை, சென்னையில இருந்து தள்ளி இருக்குங்கிறதுக்காக அப்படிச் சொல்லக் கூடாது.

சொந்தக்காரங்களுக்கும் இதே அளவுகோல்தான். தூரத்துச் சொந்தம் 'டிஸ்டன்ட் ரிலேட்டிவ்', 'ஃபார் ரிலேட்டிவ்' இல்லை. உயிர் நண்பன் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்', 'நியர் ஃப்ரெண்ட்' இல்லை.

காலத்துக்கு வருவோம். மலைக்கோட்டையை 'ஏன்சியன்ட் ஃபோர்ட்'னு கேப்ஷன் போடுறோம். முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல கட்ட ஆரம்பிச்சது அது. 'ஓல்டு' இல்லைன்னா 'ஹிஸ்டாரிக்' போதும். 'ஏன்சியன்ட்'னு சொல்ல ஆசையா இருந்தா பழனி பக்கத்துல பொருந்தலுக்குப் போங்க. பேராசிரியர் கா.ராஜன் குழு நடத்துன அகழாய்வுல கிடைச்ச நெல்லுக்கு, கரிமக் கணக்குப்படி கி.மு. 490-ன்னு காலம் சொல்லியிருக்காங்க. அது ஏன்சியன்ட்!

விண்ணப்பத்துல 'ரீசென்ட் போட்டோகிராஃப்'னு கேட்டா, பிளஸ் டூ ஹால் டிக்கெட் போட்டோவை ஒட்டாதீங்க. பழைய மேனேஜரை 'மை லேட் மேனேஜர்'னு எழுதிடவே எழுதாதீங்க, அவர் இறந்துட்டார்னு அர்த்தம். 'ஃபார்மர் மேனேஜர்' போதும்.

கடைசியா, வேலையே போகக்கூடிய விஷயம். இன்னைக்குப் புதன்கிழமைன்னு வைங்க. 'இன்டர்வியூ நெக்ஸ்ட் ஃப்ரைடே'னு மெயில் வருது. நாளை மறுநாளா, அடுத்த வாரமா? இங்கிலீஷே தாய்மொழியா இருக்குறவங்களும் இதுல ரெண்டு கட்சிதான். வெட்கப்படாம உடனே ஒரு ரிப்ளை போடுங்க: 'குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் த டேட்?'