பெர்ஃப்கிட் பெஞ்ச்மார்க்கர்

பெர்ஃப்கிட் பெஞ்ச்மார்க்கர் என்பது மேகக்கணினிச் சேவைகளின் வேகத்தையும் திறனையும் அளக்க உதவும் கட்டற்ற கட்டளைவரிக் கருவி. சுருக்கமாக பிகேபி என்பர். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. கூகுள் நிறுவனம் 2015 பிப்ரவரியில் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிட்டது. கூகுள் கிளவுட், அமேசான், மைக்ரோசாஃப்ட் அஸ்யூர், டிஜிட்டல்ஓஷன், ஓப்பன்ஸ்டாக் ஆகியவற்றில் ஒரே சோதனையை ஒரே முறையில் நடத்தலாம் என்பதே இதன் பயன்.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்குச் சாதகமான சோதனையைத் தானே தேர்ந்து, தானே நடத்தி, எண்களை விளம்பரத்தில் போட்டால் வாங்குபவரால் எதையும் ஒப்பிட முடியாது. எந்தச் சோதனை, எந்த அமைப்புகளுடன் என்பதைப் பொதுவில் முடிவுசெய்ய வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி பல்கலைக்கழகங்கள் இக்கருவியின் இயல்புநிலை அமைப்புகள் பற்றிய விவாதத்தை வழிநடத்தின. போட்டியாளர்களையும் அளக்கும் கருவியைப் போட்டியில் இருக்கும் நிறுவனமே எழுதியது நியாயமான ஐயத்தை எழுப்பும். மூலநிரல் முழுவதும் திறந்திருப்பதால் ஐயப்படுபவர் வரிக்கு வரி சரிபார்க்கலாம்.

செயல்படும் விதம்

பயனர் முனையத்தில் பிகேபி நிரலை அழைத்து, எந்த மேகம், எந்தச் சோதனை, எந்த வகைக் கணினி என்று மூன்று விவரம் கொடுத்தால் போதும். கருவி தானே மெய்நிகர் கணினிகளை வாடகைக்கு எடுக்கும், தேவையான மென்பொருளை நிறுவும், சோதனையை ஓட்டும், பிறகு துப்புரவு செய்து கணினிகளை அழித்துவிடும். கணினியைக் கேட்டதிலிருந்து அது தயாராகும் வரை ஆகும் நேரமும் பதிவாகும். முடிவுகள் ஜேசன் கோப்பில் வரிவரியாக விழும்.

உள்ளே ஓடுபவை பெரும்பாலும் ஏற்கெனவே பெயர்பெற்ற சோதனைகள். வலையமைப்புக்கு ஐபெர்ஃப், நெட்பெர்ஃப், வட்டுக்கு எஃப்ஐஓ, செயலிக்குக் கோர்மார்க், தரவுத்தளத்துக்கு ஒய்சிஎஸ்பி. ஒவ்வொன்றின் உரிமத்தையும் பயனரே ஏற்க வேண்டும். ஸ்பெக் சிபியு போன்றவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

சோதனையை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பது இதில் மிக முக்கியம். அமேசானின் ஜிபி2 வகை வட்டு நல்ல எடுத்துக்காட்டு. 100 கிகாபைட் அளவுள்ள அவ்வட்டுக்கு உறுதியான வேகம் நொடிக்கு 300 படித்தல்-எழுதுதல் செயல்கள். ஆனால் சேர்த்துவைத்த சேமிப்புப் புள்ளிகள் இருக்கும் வரை 3,000 வரை ஓடும். புள்ளிகள் சுமார் 2,000 நொடியில், அதாவது 33 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பத்து நிமிடம் அளந்தவர் 3,000 என்று எழுதுவார்; ஒரு மணி நேரம் ஓட்டியவர் வேகம் பத்தில் ஒரு பங்காக விழுவதைக் காண்பார். அமேசானின் டி2 மைக்ரோ கணினியின் செயலியும் அப்படித்தான்: புள்ளி தீர்ந்தால் 10 விழுக்காடுதான் கிடைக்கும். விலைகுறைந்த கணினிகளை எடுக்கும் சிறு நிறுவனங்களையே இது அதிகம் பாதிக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து பார்க்கும்போது

பிகேபி பொதுவாக அளப்பது மேகத்துக்குள் ஒரு கணினிக்கும் இன்னொன்றுக்கும் இடையில் நடப்பதை. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏலக் கணக்குச் செயலி ஒன்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். படகுகள் கரை திரும்பும் நேரத்தில் மொத்தமாக வந்து குவியும் பதிவுகளைத் தரவுத்தளம் தாங்குமா என்று ஒய்சிஎஸ்பி சொல்லிவிடும். கரையில் நிற்பவரின் கைப்பேசிக்கு விடை எவ்வளவு விரைவில் வரும் என்பதைச் சொல்லாது. அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். அதன் கீழ்வரம்பை மட்டும் தூரத்தைக் கொண்டே கணக்கிடலாம்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே 100 கிலோமீட்டருக்குப் போய்வர ஒரு மில்லிநொடி. புதுக்கோட்டையிலிருந்து நேர்க்கோட்டில் சென்னை ஏறத்தாழ 340, மும்பை 1,160, சிங்கப்பூர் 2,940 கிலோமீட்டர். ஆகவே எந்த இழை வலையமைப்பானாலும் முறையே 3.4, 11.6, 29 மில்லிநொடிக்குக் கீழே போகவே முடியாது. கம்பிகள் நேர்க்கோட்டில் செல்வதில்லை. இடையில் திசைவிகளும் உண்டு. உண்மை அளவு இதைவிடக் கூடுதலாகவே வரும். அஸ்யூர் 2015இல் சென்னை, புனே, மும்பையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும், கூகுள் 2017இல் மும்பையிலும் தரவுமைய மண்டலங்களைத் திறந்தன. மாவட்டத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் கிராம இணையத் திட்டமான பாரத்நெட்டின் இழை சென்று சேர்வது, எந்த மேகத்தைத் தேர்வது என்ற கேள்விக்கு இணையாக முக்கியமானது.

கருவியை ஓட்டப் பெரிய கணினி தேவையில்லை. அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ உள்ள மாணவரின் பழைய மடிக்கணினி போதும். பளு முழுவதும் மேகத்தில் விழுகிறது, இங்கிருந்து போவது பெரும்பாலும் கட்டளைகளே. ஆபத்து மின்வெட்டில் இருக்கிறது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பாதியில் கணினி அணைந்தால் வாடகைக் கணினிகள் அழியாமல் அங்கேயே நின்று பில் ஏறும். ஓட்டத்தின் அடையாள எண்ணைக் கொடுத்து அழிக்கும் கட்டத்தை மட்டும் மீண்டும் இயக்கலாம். அந்த விவரங்கள் தற்காலிக அடைவில் சேமிக்கப்படுவதால், மறுதொடக்கத்தில் அதைத் துடைத்துவிடும் லினக்ஸ் அமைப்புகளில் இவ்வழி அடைபட்டுவிடும். அப்போது சேவையின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குச் சென்று கையால்தான் அழிக்க வேண்டும். மேகத்திலேயே ஒரு சிறு கணினி எடுத்து, அதில் இணைப்பு அறுந்தாலும் தொடர்ந்து ஓடும் டிமக்ஸ் அமர்வுக்குள் பிகேபியை ஓட்டுவது பாதுகாப்பான வழி.

வரம்புகள்

ஒரே இயற்பியல் கணினியைப் பலர் பகிர்வதால், அண்டையில் இருப்பவரின் வேலைப்பளுவுக்கு ஏற்ப முடிவு ஏறும், இறங்கும். ஒருமுறை அளந்த எண்ணை நம்பி ஒப்பந்தம் போடக் கூடாது. வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு நேரங்களில் ஓட்டி இடைநிலை மதிப்பையும் மிக மோசமான மதிப்பையும் பார்க்க வேண்டும். கல்லூரித் திட்ட அறிக்கையிலோ நிறுவனக் குறிப்பிலோ முடிவை வெளியிடுவோர் தேதி, மண்டலம், கணினி வகை, சோதனை ஓடிய நேரம், கொடுத்த முழுக் கட்டளை ஆகியவற்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.