சொல்லிடைவெளியும் கணினிக் கட்டளையும்

ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கம் இல்லை. சொல் எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவரே தம் இலக்கணப் பயிற்சியால் உணர்ந்தார். 'அந்தமான்' என்பது தீவா, 'அந்த மான்' என்னும் தொடரா என்பதை இடம் நோக்கித் தெளிந்தார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரைப் போன்றோர் ஏட்டிலிருந்து சொற்களைப் பிரித்தறிய உழைத்தனர். அச்சு பரவியபின் இடைவெளி விட்டு எழுதுவது வழக்காயிற்று. எனினும் 'வந்துவிட்டான்' என்பதைப் பிரித்தெழுதினாலும் சேர்த்தெழுதினாலும் படிப்பவர்க்குப் பொருள் மாறுவதில்லை.

கணினிக்கு அது மாறும். 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளம் கட்டளைகளை வரிவரியாகப் பெற்றது. வரியின் முதற்சொல் நிரலின் பெயர். பின்வருவன அந்நிரலுக்குத் தரப்படும் ஆர்கியுமெண்டுகள். வரியைப் பிரித்துக் கொடுக்கும் ஷெல் என்னும் நிரல் இடைவெளி கண்ட இடமெல்லாம் பிரிக்கும். சி மொழி நிரல் அவற்றின் எண்ணிக்கையையும் பட்டியலையும் பெறும். பட்டியலில் 0ஆம் இடம் நிரலின் பெயருக்குரியது.

பழைய பதிவேடுகளில் ஊர்ப்பெயர் தேடும் 'தேடு' என்னும் நிரல் ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். 'தேடு செண்டாயான் தோட்டம்' என்று தட்டினால் எண்ணிக்கை 3. செண்டாயான் வேறு, தோட்டம் வேறு என்றே நிரல் கொள்ளும். பின்னிரு சொற்களையும் மேற்கோள் குறிக்குள் இட்டால் எண்ணிக்கை 2. ஊர்ப்பெயர் முழுமையாகச் சென்று சேரும். தொகைகளெல்லாம் ஒரு சொல்லைப் போலவே நடக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. தொகை நிலையைக் கணினிக்கு உணர்த்தும் உருபே அம்மேற்கோள் குறி எனலாம்.

தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றும் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிட்டது. 1985இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். 1991இல் யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இன்று செண்டாயான் என்னும் 5 எழுத்துச் சொல், யூடிஎஃப்-8 முறையில் 30 பைட்டுகளாகப் பிழையின்றி நிரலைச் சென்றடைகிறது. தீராதது சொல்லின் எல்லை. ஒரு பதிவேட்டில் 'செண்டாயான் தோட்டம்' என்றும், மற்றொன்றில் 'செண்டாயான்தோட்டம்' என்றும் இருந்தால், ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றொன்று அகப்படாது.

பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் புதுநகர் எழுந்துள்ள காலம் இது. தோட்டங்கள் மறைந்தபின் அவற்றின் பெயர்கள் ஏடுகளில்தான் எஞ்சும். ஆகவே, பதிவேடு எழுதுவோர் ஊர்ப்பெயருக்கு ஒரே எழுத்துமுறையைக் கைக்கொள்ள வேண்டும். நிரல் எழுதுவோர் பிரித்தெழுதிய வடிவையும் சேர்த்தெழுதிய வடிவையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும். இவ்விரண்டும் நிகழ்ந்தால், நாளை தம் பாட்டனார் வாழ்ந்த தோட்டத்தைத் தேடும் பேரர் வெறுங்கையுடன் திரும்பமாட்டார்.