ஐவர் என்ற மூவர்

சுயேச்சை என்ற சொல்லை நாம் தாராளமாகச் செலவழிக்கிறோம். பெரிய ஸ்தாபனத்தின் பணத்தைத் தொடாதவன் சுயேச்சையானவன், தொட்டவன் விலைபோனவன். இந்த வாய்ப்பாடு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பார்க்க, பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் சரித்திரம் உதவும். பெயரில் ஐந்து, ஆட்கள் மூன்று பேர்தான். பியானோவும் பாட்டும் பென் ஃபோல்ட்ஸ், பாஸ் கிதார் ராபர்ட் ஸ்லெட்ஜ், டிரம்ஸ் டேரன் ஜெஸ்ஸி. வழக்கமான கிதார் கிடையாது.

கிதார் இல்லாமல் ராக் வாசிப்பது அன்று சாதாரணக் காரியமில்லை. குழு 1993-ல் வட கரோலினாவின் சாப்பல் ஹில் என்ற பல்கலைக்கழக ஊரில் அமைந்தது. 1991-ல் நிர்வாணா எழுப்பிய அலை ஓயாத சமயம். சாப்பல் ஹில்லிலேயே சூப்பர்சங்க் குழு இருந்தது. அதன் அங்கத்தினர் இருவர் 1989-ல் தொடங்கிய மெர்ஜ் என்ற சிறிய இசைத்தட்டுக் கம்பெனியும் இருந்தது. எங்கும் கிதார் இரைச்சல். சுயேச்சை இசைக்கென்று ஒரு சீருடையே தைத்தாகிவிட்டது. அந்தச் சூழலில் பியானோ என்பது வீட்டுக் கூடத்துச் சாமான்.

ஃபோல்ட்ஸ் மயாமி பல்கலைக்கழகத்தில் தாளவாத்தியம் படித்துப் பாதியில் விட்டவர். பியானோவும் உள்ளே சுத்தியல்கள் கம்பியை அடிப்பதால் ஒலிக்கும் வாத்தியம்தானே. அவர் அதை அடித்தார். சமயத்தில் உட்காரும் முக்காலியைத் தூக்கி அதன்மேல் எறியவும் செய்தார். மின்சாரப் பியானோவோடு திருப்திப்படாமல், சிறிய ரகமானாலும் நிஜமான கிராண்ட் பியானோவையே ஊர் ஊராகச் சுமந்துபோனார்கள். கிதார் இருந்திருக்க வேண்டிய இடத்தை ஸ்லெட்ஜ் தன் பாஸின் ஒலியைக் கரகரப்பாக்கி நிரப்பினார். ஒரு குறையை விதியாக ஏற்றுக்கொண்டதால் கிடைத்த வடிவம் இது.

முதல் இசைத்தட்டு 1995-ல் காரலைன் கம்பெனி மூலம் வந்தது. அதிலுள்ள 'அண்டர்கிரவுண்ட்' என்ற பாட்டு சுயேச்சை வட்டத்தின் பாவனைகளை, அந்த வட்டத்துக்குள் இருந்துகொண்டே, கேலி செய்கிறது. கேலிக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. சுயேச்சை முத்திரையோடு உலவிய காரலைன், வர்ஜின் கம்பெனியின் கிளை. வர்ஜினை 1992-லேயே ஈ.எம்.ஐ. வாங்கியிருந்தது. சிறிய கடை பெரிய கடையின் பின்வாசலாக இருந்திருக்கிறது.

அடுத்தது 'வாட்எவர் அண்ட் எவர் ஆமென்', 1997. வெளியிட்டது சோனியின் 550 மியூசிக். விலைபோனார்கள் என்று தீர்ப்பெழுதிவிடலாம். ஆனால் பதிவு நடந்த இடம் சாப்பல் ஹில்லில் ஃபோல்ட்ஸ் குடியிருந்த வீடு. ஒரு பாட்டின் நடுவே தொலைபேசி மணி அடிக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். இதில்தான் 'பிரிக்' இருக்கிறது. பள்ளி நாட்களில் தன் சிநேகிதியின் கருக்கலைப்புக்குத் துணைபோன தினத்தைப் பற்றியது என்று ஃபோல்ட்ஸ் பின்னாளில் சொன்னார். பல்லவி ஜெஸ்ஸியுடையது. பாட்டில் கருக்கலைப்பு என்ற சொல்லே வராது. 1998-ல் வானொலிகள் அதை ஓயாமல் ஒலிபரப்பின. அந்த மௌனம் ஜனரஞ்சகத்துக்கு விட்ட வழியா, அல்லது பாட்டின் நேர்மையா? இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. அந்த வயதுப் பையனின் வாயில் அந்தச் சொல் வந்திருக்காது.

1999-ல், வெற்றி பெற்றவர்கள் செய்யத் தயங்கும் காரியத்தைச் செய்தார்கள். 'தி அனாதரைஸ்ட் பயாகிரஃபி ஆஃப் ரைன்ஹோல்ட் மெஸ்னர்.' மெஸ்னர், 1978-ல் பிராணவாயுக் குப்பி இல்லாமல் எவரெஸ்ட் ஏறியவர். தலைப்பு வைத்தபோது இவர்களுக்கு அது தெரியாது. ஜெஸ்ஸி இளவயதில் போலி அடையாள அட்டைக்குப் பயன்படுத்திய பெயர் அது. பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. தந்தி வாத்தியங்கள், ஊது வாத்தியங்கள் வருகின்றன. ஒரு பகுதி முழுவதும் ஃபோல்ட்ஸின் தகப்பனார் தொலைபேசிப் பதிவுக் கருவியில் பேசிவைத்த செய்தி. முந்தையதைப்போல இது விற்கவில்லை. 2000-ல் குழு கலைந்தது. அவர்களுடைய ஆகத் துணிச்சலான படைப்பு ஆகப் பெரிய கம்பெனியின் பணத்தில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2008-ல் சாப்பல் ஹில்லில் ஒரே ஒரு இரவு கூடி, விற்காத அந்த இசைத்தட்டை முழுவதும் வாசித்தார்கள். 2012-ல் புதிய இசைத்தட்டு: 'த சவுண்ட் ஆஃப் த லைஃப் ஆஃப் த மைண்ட்'. பிளெட்ஜ்மியூசிக் என்ற நிறுவனம் மூலம் ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டித் தயாரித்தது. சந்தாவை வாங்கிவைத்துக்கொண்டு இதழ் கொண்டுவருகிறவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. வங்கியில் பேரேடு எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கம்பெனி தரும் முன்பணம் கடன். ராயல்டியில் கழித்துக்கொண்டால் கணக்குத் தீரும். ரசிகன் தருவது எதிர்பார்ப்பு. அதற்குத் தவணையும் இல்லை, தீர்வும் இல்லை. அந்த இசைத்தட்டில் தேர்ச்சி இருக்கிறது. ஆனால் பழைய குழுவைப்போலவே ஒலிக்க வேண்டும் என்ற கவனம் அதைவிட அதிகமாக இருக்கிறது. கம்பெனிக்குப் பயப்படாதவர்கள் நண்பர்களுக்குப் பயந்துவிட்டதாக எனக்குப் படுகிறது. 2013-ல் ஒரு மேடைப் பதிவு வந்தது, மறுபடி பிரிந்தார்கள். பிளெட்ஜ்மியூசிக், பல கலைஞர்களுக்குச் சேர வேண்டிய பணத்தோடு, 2019-ல் நொடித்தது.

யாருடைய பணம் என்று கேட்பது சுலபம். யாரைக் கோபப்படுத்தத் தயங்குகிறோம் என்று கேட்டால் சுயேச்சையின் அளவு தெரிந்துவிடும். நாம் முந்நூறு பேருக்கு எழுதுகிறோம். அநேகமாக முந்நூறு பேரும் தெரிந்தவர்கள்.